ஆட்டுத் தீவுகளில் ஆட்டுக்கு வேறு பெயர்: ‘ஃபொரோயார்’ என்னும் சொல்லின் பிறப்பு

நெய்தல்நாடன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையே, வட அட்லாண்டிக் கடலில் கிடக்கும் 18 தீவுகளைப் பற்றி ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரை எழுதி வருகிறேன். தமிழில் ‘பரோயே தீவுகள்’ என்றும் ‘ஃபாரோ தீவுகள்’ என்றும் எழுதுகிறோம். அந்த மக்கள் தங்கள் நாட்டை எழுத்தில் ‘ஃபொரோயார்’ என்றும், பேச்சில் ஏறக்குறைய ‘ஃபொர்யர்’ என்றும் சொல்கிறார்கள். இப்பெயருக்குச் ‘செம்மறியாட்டுத் தீவுகள்’ என்று பொருள் என எல்லாக் கையேடுகளும் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. நானும் அதையே எழுதிவிட்டுத்தான் அடுத்த பகுதிக்குப் போனேன்.

பிறகு பரோயே மொழி அகராதியைப் புரட்டியபோது, அங்கே செம்மறியாட்டுக்கு வழங்கும் சொல் ‘சேயுர்’ என்று இருந்தது. எழுத்துக்கூட்டலில் நடுவே ஒரு ‘த’கர ஒலிக்கான எழுத்து உண்டு, ஆனால் அது இன்று ஒலிப்பதில்லை. 1298 ஆம் ஆண்டில் இத்தீவுகளின் மேய்ச்சல் உரிமைகளை வரையறுத்து எழுதப்பட்ட சட்ட ஆவணத்தின் பெயரும் ‘சேயுர்’ என்பதிலிருந்து அமைந்ததே. ‘ஆட்டு மடல்’ என்று அதைத் தமிழாக்கலாம். ஆட்டைச் ‘சேயுர்’ என்று அழைக்கும் மக்கள், தங்கள் நாட்டுக்கு மட்டும் ‘ஃபொர்’ என்று தொடங்கும் சொல்லால் ஆட்டின் பெயரை வைத்தது எப்படி? இந்த முரணைத் தீர்க்காமல் ‘ஆட்டுத் தீவுகள்’ என்று எழுத என் மனம் ஒப்பவில்லை. அறிந்தோர் விளக்கினால் நன்றியுடையேன்.

சொல்லாய்வன்

நல்ல கேள்வி, நெய்தல்நாடன் அவர்களே. சொல்லை முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். பின்பாதியைப் பற்றி எந்த ஐயமும் இல்லை என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வைக்கிங் காலத்து ஸ்காண்டிநேவியர் பேசிய பழைய நோர்ஸ் மொழியில் இத்தீவுகளின் பெயர் ‘ஃபேரெயர்’. அதில் ‘ஏ’ என்பது தீவு, ‘எயர்’ என்பது அதன் பன்மை. இன்றைய பரோயே மொழியில் தீவு என்னும் சொல் தனித்து வரும்போது ‘ஒட்ச்’ என்று ஒலிக்கும். பழைய சொல்லில் இல்லாத ஒரு வல்லொலி அதில் எப்படி நுழைந்தது என்றால், இம்மொழிக்கே உரிய ஓர் ஒலிமாற்றத்தால் நுழைந்தது. அழுத்தம் பெறும் உயிரொலிக்குப் பின்னே மெல்லிய யகரமோ வகரமோ வந்த இடங்களில், அவை இறுகி வல்லொலியாகிவிட்டன. கடல், பசு போன்ற அன்றாடச் சொற்களிலும் இந்த இறுக்கத்தைக் காணலாம். ஆனால் கூட்டுச்சொல்லின் பின்பாதியில் முதன்மை அழுத்தம் விழாது. ஆகையால் அங்கே பழைய மெல்லொலியே தங்கிவிட்டது. ஸ்ட்ரேய்மொய், சாண்டொய், சூவுரொய் என்று பெருந்தீவுகள் பலவற்றின் பெயர்கள் ‘ஒய்’ என்று முடிவதும், நாட்டின் பெயர் ‘ஒயார்’ என்று முடிவதும் இதனால்தான்.

முன்பாதியான ‘ஃபேர்’ என்பதில்தான் கருத்து வேறுபாடு. செம்மறியாட்டைக் குறிக்கும் பழைய ஜெர்மானியச் சொல் ஒன்று, இன்றும் சுவீடிய மொழியில் ‘ஃபோர்’ என்று உயிரோடு இருக்கிறது. டேனிய மொழியிலும் அதே சொல்தான். நார்வேக்காரர்கள் இலையுதிர்காலத்தில் ஆட்டிறைச்சியையும் முட்டைக்கோசையும் அடுக்கடுக்காக வைத்து, முழு மிளகைத் தூவி வேகவைக்கும் ‘ஃபோரிக்கோல்’ என்னும் உணவின் பெயரிலும் அதுவே முதலில் நிற்கிறது. ‘கோசில் ஆடு’ என்பது அதன் நேர்ப்பொருள். நார்வே, ஐஸ்லாந்துப் பக்கம் வழங்கிய மேற்கு நோர்ஸில் இச்சொல் பெற்ற வடிவமாகத்தான் ‘ஃபேர்’ கொள்ளப்படுகிறது. ஐஸ்லாந்திலும் பரோயே தீவுகளிலும் அன்றாட வழக்கில் அது நிலைக்கவில்லை. அங்கே ‘சௌத்ர்’ என்ற வேறொரு சொல் முழு இடத்தையும் பிடித்துக்கொண்டது. பழைய நோர்ஸின் ‘ஔ’ பரோயே மொழியில் ‘ஏய்’ ஆகும் என்பதற்குச் சான்று, சிவப்பைக் குறிக்கும் ‘ரௌத்ர்’ இன்று ‘ரேயுர்’ ஆகியிருப்பது. அதே விதிப்படிதான் ‘சௌத்ர்’ என்பது ‘சேயுர்’ ஆயிற்று.

‘சௌத்ர்’ என்பதன் பிறப்பையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது தனித்த சுவையுடையது. கொதிக்கவைத்தல், வேகவைத்தல் என்னும் வினையோடு அதற்கு உறவு உண்டு. ஆங்கிலத்தில் ‘சீத்’ என்னும் வினையும் அதே குடும்பம். அழிந்துபோன பழைய ஜெர்மானிய மொழியான காத்தியத்தில் இதன் உறவுச்சொல்லுக்குப் ‘பலி’ என்று பொருள். பலியிட்டு வேகவைக்கப்பட்டது என்பதிலிருந்து, பலிக்குரிய விலங்கு என்றாகி, இறுதியில் செம்மறியாடு என்று அதன் பொருள் சுருங்கியிருக்கிறது.

பனித்துளி

சொல்லாய்வன் ஐயாவின் விளக்கத்திலிருந்து ஒன்று தோன்றுகிறது. பெயருக்குள்ளேயே தீவுகள் இருக்கின்றன என்றால், ‘பரோயே தீவுகள்’ என்பது ‘ஆட்டுத் தீவுகள் தீவுகள்’ என்றல்லவா ஆகிறது? ஞாண் என்றாலே கயிறுதான் என்பதை மறந்து ‘அரைஞாண் கயிறு’ என்கிறோமே, அதுபோல. கட்டுரைத் தலைப்பை மாற்றுவீர்களா, நெய்தல்நாடன்?

நெய்தல்நாடன்

மாற்றப்போவதில்லை, அம்மா. அரைஞாண் கயிற்றை யாரும் தவறு என்று சொல்வதில்லையே. பிறமொழிப் பெயரின் உட்பொருள் நம் காதில் விழாதபோது, ‘தீவுகள்’ என்னும் சொல் வாசகருக்குத் தேவைப்படுகிறது. டேனிய மொழியில் பன்மை விகுதியும் சுட்டும் சேர்ந்து ‘அந்தத் தீவுகள்’ என்பது பெயருக்குள்ளேயே வெளிப்படையாக ஒலிப்பதால், அவர்களுக்கு இந்த இரட்டிப்பு வேண்டியதில்லை.

பொருநை

இழையை ஆர்வத்தோடு படித்து வருகிறேன். ஓர் ஐயத்தை முன்வைக்கிறேன், தவறாயின் பொறுத்தருள்க. தமிழில் கடலுக்குப் ‘பரவை’ என்றொரு பெயர் உண்டு. கடல் சூழ்ந்த நிலத்துக்குப் ‘பரோ’ என்று பெயர் அமைந்திருப்பதைப் பார்க்கும்போது, இரண்டும் ஒரே வேரில் பிறந்தவையாக இருக்கக்கூடாதா? பண்டைத் தமிழர் கடலோடிகள் அல்லவா?

சொல்லாய்வன்

பொருநை அவர்களே, தாங்கள் கேட்டது நல்லதாயிற்று, ஏனெனில் இந்தக் கேள்வி பலர் மனத்தில் எழும், ஆனால் கேட்கத் தயங்குவார்கள்.

‘பரோ’ என்பது நாம் தமிழில் எழுதும் வடிவம். நம் எழுத்தில் ‘ஃப’ ஒலிக்குத் தனி எழுத்து இல்லாததால் பகரத்தால் எழுதினோம். அப்பகரத்தை வைத்துக்கொண்டு ‘பரவை’யோடு இணைப்பது, நம் எழுத்து முறையின் நிழலைச் சொல்லின் வேர் என்று எடுத்துக்கொள்வதாகும். மேலும் சொல்லின் நடுவில் உள்ள ‘ஒய்’ தீவைக் குறிக்கும் தனிச்சொல் என்பது உறுதியான பின், ‘பரோ’ என்று வெட்டுவதே பொருந்தாது. வெட்டினால் ‘ஃபேர்’ என்ற இடத்தில்தான் வெட்ட வேண்டும்.

ஆனால் உங்கள் ஆவல் வேறொரு வழியில் நிறைவேறுகிறது. ‘ஃபேர்’ என்பதன் நெருங்கிய உறவினர் ஒருவர் நம் வீட்டிலேயே இருக்கிறார். தமிழுக்கு வடமொழியிலிருந்து வந்த ‘பசு’தான் அவர்.

இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் சொல் முதலில் வரும் ‘ப’, ஜெர்மானியக் கிளையில் ‘ஃப’ ஆகும். வடமொழிப் ‘பாதம்’ ஆங்கிலத்தில் ‘ஃபுட்’, ‘பிதா’ ‘ஃபாதர்’. அதேபோல் வடமொழியில் சகரமாக வரும் ஒரு குறிப்பிட்ட ஒலி, இலத்தீனில் ககரமாகவும் ஜெர்மானியத்தில் ஹகரமாகவும் வரும். ‘சதம்’ என்பதற்கு இலத்தீன் ‘கெண்டும்’, ஆங்கிலம் ‘ஹண்ட்ரட்’. இவ்விரு விதிகளையும் ‘பசு’ என்னும் சொல்லில் பொருத்திப் பாருங்கள். இலத்தீனில் ‘பெக்கு’ என்று வரவேண்டும். மந்தையைக் குறிக்க அப்படியே வருகிறது. பழைய ஜெர்மானியத்தில் ‘ஃபெஹு’ என்று வரவேண்டும், அதுவும் வருகிறது. நோர்ஸில் நடு ஹகரம் தேய்ந்து ‘ஃபே’ ஆனது. ஐஸ்லாந்து மொழியில் ‘ஃபே’ என்றால் இன்றும் ஆட்டு மந்தை என்றும் பணம் என்றும் இரு பொருள். இலத்தீனில் பணத்துக்கு வழங்கும் ‘பெக்கூனியா’வும் மந்தையிலிருந்து பிறந்ததே. ‘மாடல்ல மற்றை யவை’ என்று வள்ளுவர் செல்வத்தை மாடு என்றதை நினைத்தால், இந்தப் பொருள்மாற்றம் நமக்கு அயலானதாகத் தோன்றாது.

‘ஃபேர்’ என்பது இந்த ‘ஃபே’யின் உடன்பிறப்பு. கிரேக்கத்தில் ‘பொக்கோஸ்’ என்றால் ஆட்டு ரோமம்; அதற்கு நேரான ஜெர்மானிய வடிவத்திலிருந்துதான் சுவீடிய ‘ஃபோர்’ பிறந்தது. மயிரைப் பறித்தல், வாருதல் என்னும் பொருளுடைய ஒரே வேரிலிருந்து இரண்டும் கிளைத்தன என்று பெரும்பாலான வேர்ச்சொல் அகராதிகள் கொள்கின்றன. ஆகவே ‘பசு’வும் ‘ஃபேர்’ரும் ஒரே சொல் அல்ல, ஒன்றுவிட்ட உறவினர். இந்த வேறுபாட்டைக் காப்பது முக்கியம் என்று கருதுகிறேன். அதை விட்டுவிட்டால், ‘பரோயே என்றால் பசுத் தீவு’ என்று நாளை யாராவது எழுதிவிடுவார்கள்.

பொருநை

மிக்க நன்றி, ஐயா. ‘பாதம் – ஃபுட்’ என்னும் இணையைப் பள்ளிக்காலத்திலிருந்து கேட்டிருக்கிறேன், ஆனால் அது ஒரு விதி என்பதும், அவ்விதியைப் புதிய சொல்லுக்குப் பொருத்திச் சரிபார்க்கலாம் என்பதும் இன்றுதான் விளங்கின. என் ஊகத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

நூலகத்தும்பி

சொல்லாய்வன் ஐயா வேரை அழகாகக் காட்டிவிட்டார். ஆனால் தொடக்கப் பதிவில் எழுந்த முரண் இன்னும் தீரவில்லை என்பதே என் எண்ணம். அதைக் கூர்மைப்படுத்த ஒரு சான்றைத் தருகிறேன்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில், செயின்ட் கில்டா தீவுக்கூட்டத்தில் ‘சோவே’ என்றொரு தீவு இருக்கிறது. ஸ்கை தீவுக்கு அருகிலும் அதே பெயரில் மற்றொன்று உண்டு. இரண்டும் நோர்ஸ் கடலோடிகள் வைத்த பெயர்கள். ‘சௌத்ர்’, ‘ஏ’ என்னும் இரு சொற்களும் சேர்ந்து ‘ஆட்டுத் தீவு’ என்று பொருள்படும். அதாவது, அதே மக்கள் அதே கடற்பகுதியில், ஆடு மேயும் தீவுக்குப் பெயர் வைக்க நேர்ந்தபோது ‘சௌத்ர்’ என்னும் சொல்லையே எடுத்திருக்கிறார்கள். அப்படியிருக்க, சற்று வடக்கே இருக்கும் பெரிய தீவுக்கூட்டத்துக்கு மட்டும் ‘ஃபேர்’ என்னும் அரிய சொல்லை எடுத்தது ஏன்?

இந்த இடத்தில்தான் சிலர் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்துக் கேலிக் மொழியை நோக்கித் திரும்புகிறார்கள். பழைய ஐரிஷ் மொழியில் ‘ஃபெரன்’ என்றால் நிலம், ஆட்சிப்பகுதி. நோர்ஸ் மக்கள் வருவதற்கு முன்பே அங்கே ஐரிஷ் துறவிகள் இருந்தார்கள் என்பதால், அவர்கள் வைத்த பெயரை வந்தவர்கள் தங்கள் செவிக்கு ஏற்றபடி ‘ஃபேர்’ என்று மாற்றிக்கொண்டார்கள் என்பது அவர்கள் வாதம்.

இதை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. பரோயே மொழியில் கேலிக் சொற்கள் பல உண்மையாகவே இருக்கின்றன. கோடைமேய்ச்சல் இடத்துக்கு ‘ஏர்யி’ என்னும் சொல் கேலிக்கிலிருந்து வந்தது. தலைநகர் தோர்ஷாவனை ஒட்டிய ‘ஆர்யிர்’ என்னும் ஊர்ப்பெயர் அதன் சுவடு. மோருக்கு ‘பிளாதக்’ என்பது ஐரிஷ் சொல். ‘துருன்னுர்’ என்பது இன்னொன்று: ஆடுமாடுகளின் வாலை ஒட்டிய பின்புறப் பகுதியைக் குறிக்கும் இச்சொல்லின் பெயரால் திருமணங்களில் ஒரு வழக்கமே உண்டு. அலங்கரித்த அந்தத் துண்டைப் பந்தியில் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாற்றி, வாங்குபவர் ஒரு செய்யுள் சொல்ல வேண்டும். மேய்ச்சல், பால், இறைச்சி ஆகியவற்றுக்கே கேலிக் சொல் புழங்கியிருக்கும்போது, நாட்டின் பெயரில் மட்டும் அது இருக்கக்கூடாது என்று எப்படிச் சொல்வது?

சொல்லாய்வன்

‘சோவே’ சான்று வலிமையானது. அதை நான் முன்பே குறிப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் ‘ஃபெரன்’ வாதத்தை ஏற்க எனக்கு இயலவில்லை. காரணத்தைக் கேலிக் கடன்சொற்களே தருகின்றன.

பரோயேயில் முதலில் குடியேறியவர் என்று பழைய தொன்மக்கதை கூறுபவர் கிரீமுர் கம்பன். ‘கம்பன்’ என்பது நம் காதுக்கு எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும், அது கேலிக் அடைபெயர். வளைந்தவன், கூனன் என்னும் பொருளுடைய ‘கம்பான்’ என்னும் சொல்லிலிருந்து வந்ததாகக் கொள்ளப்படுகிறது. அதன் இறுதி னகரத்தை நோர்ஸ் மக்கள் அப்படியே காத்துக்கொண்டார்கள். ‘பிளாதக்’ என்பதிலும் இறுதி வல்லொலி தங்கியிருக்கிறது. ‘ஏர்யி’ என்பதில் நடு மெய்கள் நிலைத்திருக்கின்றன. மூன்றிலும் கடன்சொல்லின் மெய்க்கூடு சிதையவில்லை. அவ்வாறிருக்க, ‘ஃபெரன்’ என்பதில் மட்டும் பின்பாதி முழுவதும் உதிர்ந்து ‘ஃபேர்’ என்று நின்றது என்பதற்கு என்ன விதி? ‘ஃபெரனெயர்’ போன்ற ஒரு வடிவம் ஏதேனும் பழைய எழுத்தில் கிடைத்திருந்தால் பேசலாம். கிடைக்கும் வடிவங்கள் எல்லாம் னகரம் இல்லாதவை.

பொருளும் இடிக்கிறது. ‘நிலத் தீவுகள்’ என்பது எதையும் வேறுபடுத்திக் காட்டாத பெயர்.

கல்வெட்டுக்குருவி

துறவிகளைப் பற்றிய பேச்சு வந்ததால், அச்செய்தி எங்கிருந்து வருகிறது என்பதை நெய்தல்நாடன் கட்டுரைக்காகப் பதிவு செய்கிறேன். டிக்குயில் என்னும் ஐரிஷ் துறவி, பிராங்கு அரசில் வாழ்ந்தபோது 825 ஆம் ஆண்டில் உலகின் அளவுகளைப் பற்றி இலத்தீனில் ஒரு நூல் எழுதினார். பிரிட்டனுக்கு வடக்கே, நல்ல காற்று கிடைத்தால் இரண்டு பகலும் இரண்டு இரவும் பாய்விரித்துச் சென்று அடையக்கூடிய தீவுகள் உண்டு என்றும், அவற்றில் ஒன்றுக்குத் தாம் சிறு படகில் சென்றதாக ஒரு பாதிரியார் தம்மிடம் கூறினார் என்றும் அதில் எழுதுகிறார். அங்கே ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக ஐரிஷ் துறவிகள் வாழ்ந்தனர். வடபுலத்துக் கொள்ளையரால் இப்போது அவர்கள் இல்லை. எண்ணற்ற செம்மறியாடுகளும் பலவகைக் கடற்பறவைகளும் நிறைந்திருக்கின்றன. இந்தத் தீவுகளைப் பற்றி வேறு எந்த ஆசிரியரும் எழுதித் தாம் கண்டதில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

அவர் தீவுகளின் பெயரைச் சொல்லவில்லை. ஆயினும் தொலைவும் வருணனையும் பரோயேவுக்கே பொருந்துகின்றன என்பதே பரவலாக ஏற்கப்பட்ட கருத்து.

நெடுங்காலம் இந்த ஒரு பத்தியை நம்பியே எல்லாரும் வாதிட்டார்கள். இப்போது மண்ணிலிருந்தும் சான்று வந்துவிட்டது. எய்ஸ்துரொய் தீவில் எய்யி என்னும் ஊருக்கு அருகே உள்ள ஏரியின் அடிச்சேற்றைக் குழாயிறக்கி அடுக்கடுக்காக எடுத்து ஆராய்ந்தார்கள். ஏரிக்கரையில் மேய்ந்த ஆடுகளின் புழுக்கை மழைநீரோடு ஏரிக்குள் வந்து படிந்து, அதன் வேதிச் சுவடுகளும் ஆட்டின் மரபணுத் துணுக்குகளும் சேற்றில் தங்கியிருந்தன. 2021 இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஏறக்குறைய கி.பி. 500 ஆம் ஆண்டளவிலேயே அங்கே ஆடுகள் மேய்ந்திருக்கின்றன. நோர்ஸ் குடியேற்றம் 9 ஆம் நூற்றாண்டில் என்று கொண்டால், அதற்கு முன்னூறு ஆண்டுகள் முந்தையது இது. அதற்கு முன்பே, 2013 இல், சாண்டொய் தீவில் கருகிய வாற்கோதுமை மணிகள் கிடைத்து, அவற்றின் காலமும் நோர்ஸ் குடியேற்றத்துக்கு முற்பட்டது என்று காட்டப்பட்டிருந்தது.

பெயராய்வுக்கு இது மிக முக்கியம் என்று நான் நினைக்கிறேன். ஆட்டைத் தாங்களே கொண்டுவந்து விட்டவர்கள் அந்நிலத்துக்கு ஆட்டின் பெயரை வைப்பது அரிது. கரையில் இறங்கியதும் ஆளில்லாத சரிவுகளில், யாருக்கும் சொந்தமில்லாத ஆடுகள் கூட்டங்கூட்டமாக மேய்வதைக் கண்டவர்களுக்கோ அந்தப் பெயரைத் தவிர வேறு பெயர் தோன்றியிராது.

பனித்துளி

சேற்றிலிருந்து புழுக்கையைப் படித்து வரலாறு சொல்வது வியப்பாக இருக்கிறது. ஆனால் ஒரு சிறிய எச்சரிக்கை. சுவீடனில் கோட்லாந்தை ஒட்டி ‘ஃபோரோ’ என்றொரு தீவு இருக்கிறது. சுவீடிய மொழி பேசுவோருக்கு அது ‘ஆட்டுத் தீவு’ என்றுதான் ஒலிக்கும். அங்கே ஆடுகளும் உண்மையிலேயே ஏராளம். ஆனால் கோட்லாந்துத் தீவினரின் சொந்த மொழியில் அதன் பெயர் ‘ஃபாரொய்’; முன்பாதி பயணம் செய்வதைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையது என்பதே விளக்கம். அவர்கள் மொழியில் ஆட்டுக்கு, அது எவ்வளவு வளர்ந்ததாயினும், ‘லம்’ போன்ற சொல்லே வழங்குகிறது. சுவீடனின் பெருநிலத்துக்காரர்கள் தங்கள் காதில் விழுந்த ‘ஃபோர்’ என்பதை ஆடாகக் கேட்டுவிட்டார்கள். பரோயே விஷயத்தில் அப்படி நடந்திருக்காது என்று எவ்வாறு உறுதி கூறுவது?

நூலகத்தும்பி

பனித்துளி அம்மா சொன்னதுதான் என் ஐயத்தின் உயிர்நாடி. 12 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ சற்றுப் பின்னரோ நார்வேயில் எழுதப்பட்ட ஓர் இலத்தீன் வரலாற்று நூல், இவற்றை ‘ஆடுகளின் தீவுகள்’ என்று மொழிபெயர்த்தே குறிப்பிடுகிறது. எண்ணிக்கை பதினெட்டு என்றும், அங்குள்ள மக்கள் தங்கள் மொழியில் ‘ஃபேரெயர்’ என்று அழைக்கிறார்கள் என்றும், சிலரிடம் ஆயிரக்கணக்கில் ஆடுகள் உண்டு என்றும் சொல்கிறது. ஆட்டுப் பொருளுக்கு இதையே தலையாய சான்றாகக் காட்டுவர். ஆனால் அந்த ஆசிரியரும் ஃபோரோ தீவைப் பற்றிப் பேசும் சுவீடியர் போலத் தம் காதில் விழுந்தபடி பொருள் கொண்டிருக்கலாமே?

சொல்லாய்வன்

இருவரும் சரியான இடத்தில் கைவைத்திருக்கிறீர்கள். பழைய ஆசிரியர் ஒருவர் இன்ன பொருள் என்று சொன்னார் என்பது, அவர் காலத்தில் மக்கள் அவ்வாறு புரிந்துகொண்டார்கள் என்பதற்கு மட்டுமே சான்று. பெயர் பிறந்த நாளில் என்ன பொருள் என்பதற்கு ஒலியிடம்தான் போக வேண்டும். ஒலி இங்கே தெளிவாகவே பேசுகிறது.

சுவீடிய வடிவம் ‘ஃபோர்’, அதாவது பழைய நெடில் ஆகாரம். மேற்கு நோர்ஸ் வடிவம் ‘ஃபேர்’, அதாவது முன்னுக்கு நகர்ந்த ஏகாரம். இந்த வேறுபாடு தற்செயல் அன்று. இறுதியில் உள்ள ரகரம், பழைய ஜெர்மானியத்தில் ஒரு ஸகர இன ஒலி. அது மெல்ல ரகரமாக மாறும் வழியில், தனக்கு முன்னால் உள்ள ஆகாரத்தை மேற்கு நோர்ஸில் ஏகாரமாக இழுத்துவிட்டது. கிழக்கில் அந்த இழுப்பு பல சொற்களில் நிகழவில்லை. பாத்திரம், தொட்டி என்னும் பொருளுடைய சொல்லைப் பாருங்கள்: சுவீடியத்தில் ‘கார்’, பழைய மேற்கு நோர்ஸில் ‘கெர்’, இன்றைய பரோயே மொழியிலும் ‘கெர்’. ‘கார்’ என்பதற்குக் ‘கெர்’ எப்படியோ, ‘ஃபோர்’ என்பதற்கு ‘ஃபேர்’ அப்படி.

இதனால் இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, ‘ஃபேர்’ என்பது டேனியரிடமிருந்து பிற்காலத்தில் கேட்டு ஒட்டவைத்த சொல் அன்று. அப்படியாயின் ஆகாரத்தோடு வந்திருக்கும். மேற்கு நோர்ஸ் மக்களின் வாயிலேயே, அந்த ஒலிமாற்றம் நிகழ்ந்த பழங்காலத்திலிருந்தே இருந்த சொல் அது. இரண்டாவது, கோட்லாந்தின் ‘ஃபாரொய்’ என்பதில் எந்த ஏகாரமும் இல்லை. ஆகவே இரண்டு தீவுப் பெயர்களும் இன்று ஒத்து ஒலித்தாலும், ஒன்றை வைத்து மற்றொன்றை ஐயுறுவது பொருந்தாது.

‘சோவே’ எழுப்பும் கேள்விக்கு என் விடை இது: ஒரே காலத்தில் ஒரு மொழியில் இரு சொற்கள் அக்கம்பக்கமாக வாழ்வது இயல்பு. ஒன்று வளர்ந்து மற்றொன்றை விழுங்கிவிடும். விழுங்கப்பட்டது எங்காவது ஓர் ஊர்ப்பெயரிலோ கூட்டுச்சொல்லிலோ ஒதுங்கிப் பிழைத்துக்கொள்ளும்.

கிடைவீடு

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். சொல்லாய்வன் ஐயாவின் கடைசி வரிகள் என்னை எழுத வைத்துவிட்டன.

நாங்கள் செம்மறி மேய்த்த குடும்பம். அறுவடை முடிந்த வயல்களில் கிடை அமர்த்துவோம். ‘செம்மறி’ என்னும் சொல்லை இன்று எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் அதில் உள்ள ‘மறி’ என்ன என்று நகரத்துப் பிள்ளைகளைக் கேட்டால் விழிப்பார்கள். ஆட்டுக்கும் மானுக்கும் குதிரைக்கும் இளமைப் பெயர் ‘மறி’ என்று தொல்காப்பிய மரபியல் கூறுகிறது. அகராதியில் பெண்ணாடு என்றும் பொருள் உண்டு. என் பாட்டனார் பட்டியைத் திறந்துவிடும்போது, கிடாக்குட்டியை ஒரு பக்கமும் மறியை ஒரு பக்கமும் காலால் தடுத்துப் பிரித்துக்கொண்டே எண்ணுவார். ‘மறி எத்தனை?’ என்றுதான் கேட்பார், பெட்டைக்குட்டி என்று சொல்லிக் கேட்டதில்லை. இன்று எங்கள் வீட்டிலேயே அச்சொல் போய்விட்டது. எல்லாம் ‘ஆடு’, ‘குட்டி’ என்றாகிவிட்டன. ‘செம்மறி’க்குள் மட்டும் அது ஒளிந்திருக்கிறது.

ஃபொரோயாருக்குள் ஆடு ஒளிந்திருப்பதும் இப்படித்தான் என்றால், எனக்கு அதில் வியப்பில்லை.

நூலகத்தும்பி

கிடைவீடு ஐயா, என் ஐயத்துக்கு ஒலிவிதி பாதி விடை சொன்னது, உங்கள் பட்டி மீதிப் பாதியைச் சொன்னது. ‘கெர் – கார்’ இணை என்னைப் பெரும்பாலும் இணங்க வைத்துவிட்டது. ‘ஃபெரன்’ பக்கம் இனி நான் நிற்கவில்லை.

ஒரே ஒரு சிறு முள் மட்டும் உறுத்துகிறது. பெண்செம்மறிக்குப் பழைய நோர்ஸில் ‘ஏர்’ என்று தனிப்பெயர் உண்டு. இன்றைய பரோயே மொழியிலும் அதே எழுத்தோடு நிற்கிறது. அப்படியானால் ‘ஃபேர்’ என்பதும் அப்படியே நின்றிருக்க வேண்டும். ‘ஃபொர்’ என்று இதழ் குவிந்த உயிராக ஏன் மாறியது?

சொல்லாய்வன்

‘ஏர்’ தனிச்சொல், ஒவ்வொரு நாளும் வாயில் புழங்குவது, பொருள் அதனைக் காக்கிறது. ‘ஃபேர்’ கூட்டுச்சொல்லின் முன்பாதி, பொருள் மறந்துபோனது, உயிர் குறுகியது. முன்னே இதழ்-பல் ஒலியான ‘ஃப’, பின்னே இதழ் குவியும் ‘ஒய்’, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட உயிர் தானும் இதழ் குவிந்துவிட்டது என்பது என் கருத்து. ‘ஒய்’ பேச்சில் தேய்ந்து வெறும் யகரமாகிவிட்ட பிறகும், அது விட்டுச்சென்ற குவிவு மட்டும் தங்கிவிட்டது. பொருள் தெரிந்த ஐஸ்லாந்தியர் எழுத்தில் இன்றும் பழைய உயிரையே வைத்திருக்கிறார்கள்.

நெய்தல்நாடன்

எல்லாருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. ஒற்றை வரியாக இருந்த பெயர்க்காரணப் பகுதியை இப்படி மாற்றியிருக்கிறேன். பார்த்துத் திருத்துங்கள்:

‘நாட்டின் பெயர் பழைய நோர்ஸ் மொழியின் “ஃபேரெயர்” என்பதிலிருந்து வந்தது. “எயர்” என்பது தீவுகள். “ஃபேர்” என்பது செம்மறியாட்டைக் குறித்து மேற்கு நோர்ஸில் வழங்கிப் பின்னர் வழக்கொழிந்த சொல். சுவீடிய, டேனிய மொழிகளில் அதன் இணைச்சொல் இன்றும் வழங்குகிறது. இன்றைய பரோயே மொழியில் செம்மறியாட்டுக்கு “சேயுர்” என்னும் வேறு சொல் வழங்குகிறது. நோர்ஸ் குடியேற்றத்துக்கு முன்பே தீவுகளில் ஆடுகள் இருந்தன என்பதை டிக்குயிலின் குறிப்பும் ஏரிப் படிவ ஆய்வும் காட்டுகின்றன. முன்பாதியைக் கேலிக் மொழியின் “ஃபெரன்” என்பதோடு இணைக்கும் கருத்தும் உண்டு. ஒலி அடிப்படையில் அது வலுவற்றது.’

கல்வெட்டுக்குருவி

ஒரே ஒரு திருத்தம். டிக்குயில் தீவுகளின் பெயரைக் குறிப்பிடவில்லை என்பதால், ‘டிக்குயிலின் குறிப்பு பரோயேவைப் பற்றியது எனக் கொள்ளப்படுகிறது’ என்று ஒரு தொடரைச் சேர்த்துவிடுங்கள். ஏரிப் படிவத்துக்கு அந்தத் தயக்கம் வேண்டியதில்லை. அது எய்ஸ்துரொய் மண்ணிலிருந்தே எடுக்கப்பட்டது.

நெய்தல்நாடன்

சேர்த்துவிட்டேன், ஐயா. ‘செம்மறி’ என்பதற்கான கட்டுரையைத் திறந்து பார்த்தேன். அதில் ‘மறி’ பற்றி ஒரு சொல்லும் இல்லை. கிடைவீடு ஐயா இசைந்தால் அதை இருவரும் சேர்ந்து எழுதலாம்.